பாலத்துக்கு அந்தப் பக்கம் என் லைசென்ஸ் வெறும் அட்டை

2023, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கும் பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி கோயிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு, கேன்டீனில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். இரண்டு மணி நேரம் கழித்து நெற்றியில் திருநாமத்தோடு, கைகள் பின்னால் விலங்கு மாட்டப்பட்டு, போலீஸ் காரின் பின்சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த சீட் கெட்டியான பிளாஸ்டிக். கை பின்னால் இருந்தால் அதில் சாயவும் முடியாது, நிமிரவும் முடியாது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் ரோட்டோரம் மனைவி ஒரு கையில் பிரசாதப் பையும் இன்னொரு கையில் மகளின் கையுமாக நிற்கிறாள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நான் யாரையும் அடிக்கவில்லை, திருடவில்லை, குடித்துவிட்டு ஓட்டவில்லை. சட்டப்படி வாங்கி, லைசென்ஸும் எடுத்து வைத்திருந்த ஒரு பொருளை, ஓர் ஆற்றைத் தாண்டி எடுத்து வந்துவிட்டேன். அவ்வளவுதான். இதை எழுத ஒன்றரை வருடம் தயங்கினேன். ஆனால் போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் நம் பையன்கள் நாலு பேர் புதிதாக வாங்கிய துப்பாக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில், அலன்டவுன் பக்கம். சாஃப்ட்வேர் வேலை. கிரீன் கார்டு வந்து ஒரு வருடம் கழித்து, ஆபீஸ் நண்பர் ஒருவர் கூப்பிட்டாரென்று ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனேன். பிடித்துப்போனது. மூச்சை அடக்கி, கண்ணைக் குறுக்கி, காகிதத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கும் அந்தப் பத்து விநாடியில் ஆபீஸ் கவலையெல்லாம் மறந்துபோகும். பிறகு 560 டாலருக்கு 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினேன். கடையில் 4473 என்ற மத்திய அரசுப் படிவம். அதில் கிரீன் கார்டில் இருக்கும் ஏலியன் நம்பரையும் எழுத வேண்டும். பின்னணி சரிபார்ப்பு அன்றே முடிந்தது. கவுண்ட்டி ஷெரிஃப் அலுவலகத்தில் 20 டாலர் கட்டி, துப்பாக்கியை வெளியே கூட எடுத்துச்செல்ல ஐந்து வருடத்துக்கான கேரி லைசென்ஸும் எடுத்தேன். போட்டோ ஒட்டிய அந்த அட்டையைப் பர்ஸில் டிரைவிங் லைசென்ஸுக்குப் பின்னால் வைத்திருந்தேன். டிரைவிங் லைசென்ஸ் ஐம்பது மாநிலத்திலும் செல்லுகிறதே, இதுவும் அப்படித்தான் என்று மண்டைக்குள் எங்கேயோ ஓர் எண்ணம். யாரும் சொன்னதில்லை, நானாகவே முடிவு கட்டிக்கொண்டது. என் முதல் தப்பு துப்பாக்கியைக் காரில் விட்டது இல்லை. இந்த எண்ணம்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே ரேஞ்சுக்குப் போய்விட்டு வந்தேன். "புரட்டாசியில முட்டை கூடத் தொடமாட்டீங்க, துப்பாக்கி மட்டும் பரவாயில்லையா?" என்று மனைவி கேட்டாள். சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் அவர்கள் இருவரும் பட்டுப்பாவாடை, புடவை சகிதம் வாசலில் நிற்கிறார்கள். உச்சிகால பூஜைக்கு நேரமாகிறது என்று அவசரம். குளித்து வேட்டி மாற்றி ஓடி வந்தேன். எங்கள் கார் எஸ்யூவி. தனி டிக்கி கிடையாது, பின்சீட்டுக்குப் பின்னால் திறந்த இடம். அங்கே சாம்பல் நிற ரேஞ்ச் பை கிடந்தது. அதன் மேலேயே மனைவி தேங்காய் பழத் தட்டை வைத்தாள். பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வர இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை நான் எத்தனை ராத்திரி கனவில் திரும்ப வாழ்ந்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

78ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் டெலவேர் ஆறு. பாலத்தின் நடுவில் மாநிலம் மாறிவிடும். நியூ ஜெர்சிக்குள் போகச் சுங்கம் இல்லை, திரும்பி பென்சில்வேனியாவுக்குள் வரத்தான் காசு. "உள்ளே விடுவது இலவசம், வெளியே வரத்தான் செலவு" என்று இந்தப் பக்கத்து ஆட்கள் ஜோக் அடிப்பார்கள். எனக்கு அது ஜோக்காக இல்லாமல் போனது.

தரிசனம் முடிந்து திரும்பும்போது ஒரு சிக்னலில் நின்றிருந்தோம். பின்னால் வந்த பையன் போனைப் பார்த்துக்கொண்டே வந்து இடித்தான். யாருக்கும் அடியில்லை. பின்கதவு மட்டும் உள்ளே நசுங்கி, கார் ஓட்ட முடியாத நிலை. போலீஸ் வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசினார். டோ டிரக்குக்குச் சொல்லியாயிற்று, வேண்டிய சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே நசுங்கிய கதவை நெம்பித் திறக்க உதவினார். அப்போதுதான் பை கண்ணில் பட்டது. நேர்மையான ஆள் என்று காட்டிக்கொள்ளும் ஆர்வத்தில் நானே சொன்னேன்: அந்தச் சாம்பல் பையில் துப்பாக்கி இருக்கிறது, பயப்படாதீர்கள், என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் முகம் மாறியது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பென்சில்வேனியாவுடையது சார்" என்றார். ஆமாம் என்றேன், பெருமையாக. பையைப் பார்க்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். பிறகு அரை மணி நேரம் எப்போது வாங்கினேன், எதற்கு வாங்கினேன், எங்கே வைப்பேன், என்ன தோட்டா என்று கேட்டதற்கெல்லாம், கேட்காததற்கும் சேர்த்து, விலாவாரியாகப் பதில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பிற்பாடு என் லாயர் அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அரசுத் தரப்புக்குச் சாட்சியே தேவையில்லை, எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்."

போலீஸிடம் பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லவே கூடாது. துப்பாக்கி வைத்திருப்பதை நாமாக முதலிலேயே சொல்லியாக வேண்டும் என்று சில மாநிலங்களில் சட்டம் உண்டு, சில மாநிலங்களில் கேட்டால் சொன்னால் போதும். போகிற மாநிலத்தில் எது என்பதை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பையைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டால், "மன்னிக்கவும், அதற்கு எனக்குச் சம்மதம் இல்லை" என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. விசாரணையாக மாறினால் "என் லாயர் வந்த பிறகு பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளவும் உரிமை உண்டு. பேசிப் புரியவைத்துவிடலாம் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை. ஊரில் அது ஓரளவு நடக்கும். இங்கே பேசுவதெல்லாம் காகிதத்தில் ஏறும்.

என் மேல் மூன்று குற்றச்சாட்டு. முதலாவது, நியூ ஜெர்சி அனுமதி இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தது. அங்கே அது இரண்டாம் நிலைக் குற்றம், ஐந்து முதல் பத்து வருடம். கிரேவ்ஸ் ஆக்ட் என்ற சட்டத்தின்படி தீர்ப்பானால் குறைந்தது 42 மாதம் பரோலே இல்லாமல் உள்ளே இருக்க வேண்டும். இரண்டாவது, மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் கூடு. என்னுடையது 15 தோட்டா பிடிக்கும். நியூ ஜெர்சியில் 2018இலிருந்து 10க்கு மேல் கூடாது. மூன்றாவது, ஹாலோ பாயிண்ட் தோட்டா, அதாவது முனை குழிவாக இருக்கும் தோட்டா. பென்சில்வேனியாவில் எந்தக் கடையிலும் தற்காப்புக்கு என்று முதலில் எடுத்துக் கொடுப்பதே இதைத்தான். நியூ ஜெர்சியில் வீடு, ரேஞ்ச் போன்ற சில விதிவிலக்குகள் தவிர்த்து அதை வைத்திருப்பதே தனிக் குற்றம். காலையில் எங்கள் ஊரில் மூன்றும் சாதாரணப் பொருட்கள். அதே பை, அதே ஜிப், ஐம்பது அறுபது மைல் தள்ளி மூன்று குற்றங்கள். இடித்த பையனுக்கு ஒரு டிராஃபிக் டிக்கெட்.

கவுண்ட்டி ஜெயிலில் இரண்டு இரவு. வேட்டியை வாங்கி வைத்துக்கொண்டு ஆரஞ்சுச் சட்டை கொடுத்தார்கள். வேட்டியை அந்த ஊழியர் பட்டியலில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் "வெள்ளைத் துணி, நீளம், ஒன்று" என்று எழுதினார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. எடிசன் என்ற ஊரிலிருந்து நண்பன் ஓடிவந்து மனைவியையும் மகளையும் கூட்டிப்போனான். "அண்ணே, எவ்வளவு ஜாமீன்னு கேளுங்க, கட்டிடலாம்" என்று போனில் துடித்தான். நியூ ஜெர்சியில் 2017 தொடங்கி ஜாமீன் பணம் கட்டி வெளியே வரும் வழக்கம் கிட்டத்தட்ட இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. 48 மணி நேரத்துக்குள் ஆளை எடைபோட்டு, விடலாமா கூடாதா என்று நீதிபதி முடிவு செய்வார். பையில் ஆயிரமோ லட்சமோ இருந்தாலும் அந்த இரண்டு நாளைச் சுருக்க முடியாது. திங்கள் மாலை நிபந்தனைகளோடு விட்டார்கள். திரும்பி வரும்போது நண்பன் காரில் பாலத்தைத் தாண்டினோம், சுங்கம் கட்டினான். யாரும் பேசவில்லை.

இனி மத்தியச் சட்டத்துக்கு வருகிறேன். "அதான் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கே" என்று எல்லாரும் சொல்வார்கள். இருக்கிறது. 1986இல் வந்த சட்டம், 926ஏ பிரிவு. ஆனால் அதை யாரும் முழுசாகப் படிப்பதில்லை, நானும் ஜெயிலிலிருந்து வந்த பிறகுதான் படித்தேன். புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் நீங்கள் அந்தத் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் முடிய வேண்டும். நடுவில் இருக்கும் மாநிலத்தைக் கடந்துபோக மட்டுமே அது குடை. தோட்டா ஏற்றியிருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ உட்காரும் இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. என்னுடையதைப் போலத் தனி டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், டேஷ்போர்டில் இருக்கும் கையுறைப் பெட்டியும் முன்சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் கன்சோலும் கணக்கில் வராது, பூட்டியிருந்தாலும். இப்போது என் கதையைப் பாருங்கள். நான் போய்ச்சேர்ந்த இடமே நியூ ஜெர்சி. பை துணிப் பை, ஜிப் மட்டும். ஒரு மேகசினில் ஆறு தோட்டா மிச்சம். குடையின் ஒரு கம்பி கூட என் தலைக்கு மேல் இல்லை. வெர்மான்ட்டுக்குப் போகிற வழியில் நியூ ஜெர்சியைக் கடந்திருந்தால் கூட, பூட்டு இல்லாததால் மாட்டியிருப்பேன்.

கடந்து போகிறவர்களுக்கும் அது கெட்டியான குடை இல்லை. யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் வந்த ஒருவர், 2005இல் நியூவார்க்கில் இணைப்பு விமானம் தவறி, பெட்டியை வாங்கிக்கொண்டு ஹோட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் ஒழுங்காகத் துப்பாக்கி இருக்கிறது என்று அறிவித்தார். அங்கேயே கைது. குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. ஆனால் அவர் போட்ட நஷ்டஈட்டு வழக்கு 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. ஹோட்டலில் இருந்த அந்த இரவு பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, எனவே பாதுகாப்பு பொருந்தாது என்றார்கள். அதனால் நியூ ஜெர்சி, நியூயார்க் வழியாகப் போகிறீர்கள், பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது, விமானம் தவறிவிட்டது என்றால் பெட்டியை வாங்காதீர்கள். கவுன்ட்டரில் சொல்லி, விமான நிறுவனத்திடமே இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். மாற்றுத் துணி போனால் போகட்டும், கடையில் வாங்கிக்கொள்ளலாம். காரில் போனால் அங்கே இரவு தங்காதீர்கள். பெட்ரோலை பென்சில்வேனியாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் இன்னொரு விசித்திரம்: துப்பாக்கியில் தோட்டா இல்லாவிட்டாலும், அதற்குப் பொருந்தும் தோட்டாக்கள் அதே ஆளிடம் இருந்தால் அங்கே அது தோட்டா ஏற்றிய துப்பாக்கிதான். வெளிமாநில லைசென்ஸை நியூ ஜெர்சி, நியூயார்க், மேரிலாண்ட் எதுவும் ஏற்பதில்லை. 2022இல் உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில் கொடுத்த தீர்ப்பைச் சொல்லி "இப்ப எல்லாம் மாறிடுச்சு" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தந்த மாநிலத்தில் அனுமதி வாங்குவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது, அவ்வளவே. உங்கள் ஊர் அட்டை அங்கே செல்லாது.

விமானத்தைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பையில் மறந்து வைத்துவிட்டு ஸ்கேனரில் மாட்டுபவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. 2023இல் மட்டும் நாடு முழுக்க விமான நிலையச் சோதனையில் 6,737 துப்பாக்கிகள் சிக்கின, பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா ஏற்றியவை. எல்லாரும் சொல்வது "மறந்துட்டேன்". நானும் அந்த ஜாதிதான், அதனால் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ரேஞ்சுக்கென்று ஒரு பை வைத்தால் அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். லேப்டாப் பையாகவோ, ஜிம் பையாகவோ அது மாறவே கூடாது.

இதுவரை சொன்னது யாருக்கும் பொருந்தும். இனி சொல்வது நம்மவர்களுக்கு, இந்த நாட்டுக் குடிமகன் ஆகாதவர்களுக்கு. முதலில் பார்த்த லாயர் 2,500 டாலர் வாங்கிக்கொண்டு நல்ல செய்தி சொன்னார். பிலடெல்பியாவைச் சேர்ந்த, இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் 2013இல் என்னைப் போலவே அட்டையைக் காட்டி நியூ ஜெர்சியில் கைதாகி, ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்து, கடைசியில் 2015இல் ஆளுநர் மன்னிப்புக் கொடுத்த வழக்கு உண்டு. அது கிளப்பிய சர்ச்சையில், 2014இல் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அரசு வக்கீல்களுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. சொந்த மாநிலத்தில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்து, தெரியாமல் கொண்டுவந்த வெளியூர்க்காரர்களிடம் கடுமை காட்ட வேண்டாம் என்பது சாரம். அதைக் காட்டி, பிடிஐ என்று சொல்கிற கண்காணிப்புத் திட்டத்தில் உங்களைச் சேர்த்துவிடலாம் என்றார் லாயர். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், அதை ஓரமாக வைத்திருப்பார்கள், இரண்டு வருடம் ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடி, ரெக்கார்டு சுத்தம், ஜெயில் இல்லை. எனக்கு உயிர் வந்தது. கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை வரச்சொன்னார்.

வியாழன் இரவு எடிசன் நண்பனிடம் சொன்னேன். "அண்ணே, கையெழுத்துப் போடாதீங்க. குடியேற்ற வக்கீல் ஒருத்தரைப் பாத்துட்டுப் போடுங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இப்படித்தான் வேற கேஸ்ல ஆச்சு" என்றான். அந்த ஒரு போன் கால்தான் இன்று நான் இங்கே இருக்கக் காரணம். குடியேற்ற லாயர் முழு விவரமும் கேட்டுவிட்டுச் சொன்னார்: மாநில நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும், நீங்கள் ஒருமுறை குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்காக நீதிபதி உங்கள் மேல் ஏதாவது கட்டுப்பாடு போட்டுவிட்டால், குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைத் தீர்ப்புதான். துப்பாக்கிக் குற்றத்தில் தீர்ப்பு என்றால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம், ஒரு நாள் கூட ஜெயிலுக்குப் போகாவிட்டாலும். உள்ளூர்க்காரனுக்கு அருமையான டீல், எனக்குக் கழுத்தில் சுருக்கு. குடிமகன் அல்லாத கட்சிக்காரருக்கு நாடு கடத்தல் ஆபத்தைச் சொல்லியாக வேண்டியது வக்கீலின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லியிருக்கிறது. முதல் லாயர் என் விசா நிலை என்ன என்று ஒருமுறை கூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, கிரீன் கார்டு என்றால் பாதிக் குடிமகன் என்ற நினைப்பு. 2,500 போனது போனதுதான்.

குடியேற்ற லாயர் இன்னொன்றும் கேட்டார்: "ரேஞ்சுக்கு வேறு யாரையாவது கூட்டிப்போவீர்களா?" ஆமாம், ஆபீஸில் ஒரு தம்பி வருவான், இரண்டு மூன்று முறை சுட்டிருக்கிறான் என்றேன். அவன் என்ன விசா? எச்1பி. லாயர் பேனாவைக் கீழே வைத்தார். எச்1பி, எச்4, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியக் குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவுதான். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் வந்துவிடலாம். 2022இல் இதற்கான அதிகபட்ச தண்டனையைப் பத்திலிருந்து பதினைந்து வருடமாக உயர்த்திவிட்டார்கள். ஜாலியாக இருக்கட்டும் என்று நான் கூட்டிப்போன பையன். அவனுடைய போட்டோவை நானே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தேன். அன்று இரவே அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன், "இனிமே அந்தப் பக்கமே வராதடா." வீக்எண்டில் டீம் அவுட்டிங் என்று ரேஞ்சுக்குக் கூட்டிப்போகிற மேனேஜர்கள் இருக்கிறார்கள். தற்காலிக விசாவில் இருந்தால் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் முதலில் லாயரைக் கேளுங்கள்.

புது கிரிமினல் லாயரும் குடியேற்ற லாயரும் ஒருவரோடொருவர் பேசிப் பேசித்தான் வழக்கை நகர்த்தினார்கள். இருவரையும் ஒரே அழைப்பில் பேசவைப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, தனித்தனியாகக் கேட்டு நடுவில் நீங்கள் மொழிபெயர்ப்பாளராக நிற்காதீர்கள். பதினான்கு மாதம், ஒன்பது வாய்தா. ஒவ்வொன்றுக்கும் எட்டரைக்குப் போய் உட்கார வேண்டும், பதினொன்றரைக்குப் பெயர் கூப்பிடுவார்கள், மூன்று நிமிடத்தில் அடுத்த தேதி. துப்பாக்கி வாங்கிய ரசீது, லைசென்ஸ் நகல், அன்று காலை ரேஞ்சில் கையெழுத்துப் போட்ட பதிவு, கோயில் அர்ச்சனைச் சீட்டு, இடித்தவனின் இன்சூரன்ஸ் அறிக்கை எல்லாவற்றையும் கொடுத்தோம். அர்ச்சனைச் சீட்டில் தேதியும் நேரமும் இருந்தது பெரிய உதவி. நான் எங்கே, எதற்குப் போனேன் என்பதற்கு அதுதான் காகிதச் சாட்சி. ரசீதுகளைத் தூக்கிப்போடும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று. கடைசியில் 2024 டிசம்பரில், துப்பாக்கி என்ற சொல்லே இல்லாத ஒரு சிறிய உள்ளூர் விதிமீறலாகக் குறைத்து, அபராதத்தோடு முடித்தார்கள். துப்பாக்கியைத் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

கணக்கு: முதல் லாயர் 2,500, இரண்டாமவர் 11,000, குடியேற்ற லாயர் 3,800, அபராதமும் கோர்ட் செலவும் 1,000, துப்பாக்கி 560, ரத்து செய்த இந்திய டிக்கெட்டில் திரும்பி வராத பணம் 1,350. மொத்தம் 20,210 டாலர். வேலைக்குப் போகாத நாட்கள் தனி. மகள் ஆறு மாதம் போலீஸ் காரைக் கண்டால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், அதை எதில் எழுதுவது?

அந்த இந்திய டிக்கெட்டைப் பற்றி எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. 2024 தை மாதம் அக்கா மகள் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போனால், திரும்பி வரும்போது விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது என்றார் லாயர். அக்காவிடம் ஆபீஸில் லீவு இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "பொண்ணு பொறந்தப்போ மொத ஆளா தூக்குனவன் நீ, கல்யாணத்துக்கு லீவு இல்லையாடா?" என்றாள். அங்கே காலை ஆறரை மணி முகூர்த்தம், இங்கே முந்தின நாள் இரவு எட்டு. வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தேன். என் இடத்தில் சித்தப்பா மகன் மாலையோடு நின்றான். சீர்த்தட்டு வரிசையை யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள், படம் அங்கங்கே உறைந்து உறைந்து வந்தது. உண்மையை அக்காவிடம் போன பொங்கலுக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "அந்தக் கருமத்தை எதுக்குடா வாங்கின?" என்று கேட்டாள். பதில் வரவில்லை.

குடியுரிமை விண்ணப்பம் இப்போதுதான் அனுப்பியிருக்கிறேன். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று என்-400 படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. வழக்கு தள்ளுபடியானாலும், ரெக்கார்டையே அழித்துவிட்டாலும் அதற்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும். மறைத்தால் மூல வழக்கைவிட அது பெரிய வழக்கு. வழக்கு முடிந்த அன்றே கோர்ட் கிளார்க்கிடம் முத்திரை போட்ட தீர்ப்பு நகல் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் போய்க் கேட்டால் அலைச்சல். நான் ஐந்து வாங்கினேன். ஒன்று லாயரிடம், ஒன்று விண்ணப்பத்தோடு, மூன்று சாமி அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில். பிரிட்ஜ்வாட்டருக்கு இப்போதும் போகிறோம். கிளம்பும் முன் மகள் பின்கதவைத் திறந்து ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்பாள். நாங்கள் யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.